மெட்டோப்ரோலாலா, பிசோப்ரோலாலா, கார்வெடிலாலா? இதயச் செயலிழப்புக்கு எந்த பீட்டா பிளாக்கர்

"அப்பாவுக்கு எக்கோவில் ஈஎஃப் 30 என்று வந்திருக்கிறது, டாக்டர் மெட்டோப்ரோலால் எழுதியிருக்கிறார். ஆனால் இதே பிரச்சினை உள்ள என் மாமனாருக்கு வேறொரு டாக்டர் கார்வெடிலால் கொடுக்கிறார். இரண்டில் எது சரி?" மருந்தியல் பாடம் எடுக்கிறவன் என்பதால் இந்த ரகக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். நான் வைத்தியம் பார்ப்பவன் இல்லை, அதனால் மாத்திரையை மாற்றச் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் போய் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும். இதய பம்ப் பலவீனமாகி ஈஎஃப், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 40 அல்லது அதற்குக் கீழே இறங்கியவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்; வெறும் பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களின் கணக்கு வேறு.

தலைப்பில் உள்ள மூன்றும் பீட்டா பிளாக்கர்கள், அதாவது இதயத்தில் அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் மருந்துகள். அவற்றை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு நொதியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் அது புரியாவிட்டால் ஏற்கெனவே திணறும் இதயத்துக்கு அதை மெதுவாக்கும் மருந்தைக் கொடுப்பது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். 1970களில் டாக்டர்களுக்கே அப்படித்தான் தெரிந்தது.

## ஏற்பியின் காதை அடைக்கும் கைனேஸ்

இதயத் தசைச் செல்லின் சவ்வில் பீட்டா-1 ஏற்பிகள், அதாவது அட்ரினலின் சொல்வதைக் கேட்கும் காதுகள், இருக்கின்றன. அட்ரினலினோ நார்அட்ரினலினோ வந்து ஒட்டினால் உள்ளே செய்தியைக் கடத்தும் ஜி புரதம் கிளம்பும், சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு ஏறும், கால்சியம் பாயும், இதயம் வேகமாகவும் அழுத்தமாகவும் அடிக்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது நடப்பது இதுதான். இந்தத் தூண்டுதல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் செல் தாங்காது, அதனால் ஒரு தடுப்பு வேண்டும்.

அந்தத் தடுப்புதான் ஜிஆர்கே2 என்ற கைனேஸ், அதாவது பாஸ்பேட்டை ஒட்டும் நொதி. சும்மா இருக்கும் நேரத்தில் இது செல்லுக்குள் மிதந்துகொண்டிருக்கும். ஏற்பி தூண்டப்பட்டதும் ஜி புரதத்திலிருந்து பிரிகிற பீட்டா-காமா துண்டு இதைப் பிடித்துச் சவ்வுக்கு இழுத்து வரும். வந்ததும், தூண்டப்பட்ட ஏற்பியின் வாலில் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். பாஸ்பேட் ஒட்டிய வாலில் பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வந்து உட்கார்ந்துகொள்ள, ஜி புரதத்துக்கு வழி அடைபடும்; பிறகு ஏற்பியே செல்லுக்குள் இழுக்கப்பட்டுவிடும். ஓயாமல் கத்துகிறவரின் பேச்சு நம் காதில் ஏறாமல் போகிறதே, கிட்டத்தட்ட அது மாதிரி.

இந்தக் கைனேஸை 1986இல் கண்டுபிடித்தவர்கள் டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் ஆய்வகத்தினர். 2012இல் வேதியியல் நோபலை பிரயன் கோபில்காவோடு பகிர்ந்துகொண்டாரே, அதே லெஃப்கோவிட்ஸ். இந்தக் குடும்பத்தில் மொத்தம் ஏழு கைனேஸ்கள். ஜிஆர்கே1 விழித்திரையில் இருக்கிறது, அது கெட்டுப்போனால் ஒகுச்சி நோய் என்ற பிறவி மாலைக்கண் வரும். இதயத்தில் பேசப்படுபவை முக்கியமாக 2, 5 இரண்டும்.

இப்போது பம்ப் பலவீனமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் போதவில்லை என்று உடம்பு நினைத்து நார்அட்ரினலினைக் கொட்டும். ஆரம்பத்தில் அது உதவும். மாதக்கணக்கில் போனால் ஜிஆர்கே2 ஏறிக்கொண்டே போகும், ஏற்பிகள் ஒவ்வொன்றாகக் காதை மூடிக்கொள்ளும். பழுதான இதயங்களில் பீட்டா ஏற்பிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பதை அமெரிக்க இதய டாக்டர் மைக்கேல் பிரிஸ்டோ 1982இலேயே காட்டினார். இன்னொரு கொடுமை, அட்ரினல் சுரப்பியிலும் இதே கைனேஸ் ஏறிவிடுகிறது. அங்கே "போதும், சுரக்காதே" என்று சொல்லும் ஆல்ஃபா-2 ஏற்பியின் வாயை அது அடைத்துவிடுவதால் இன்னும் அதிகமாக அட்ரினலின் கொட்டும். 2007இல் வெளிவந்த சங்கதி இது. இதயம் கேட்காத சத்தத்தை உடம்பு இன்னும் பலமாகப் போட, இதயம் இன்னும் இறுக்கமாகக் காதைப் பொத்திக்கொள்கிறது.

இந்த இடத்தில்தான் பீட்டா பிளாக்கர் நுழைகிறது. சத்தத்தைத் தடுத்தால் கைனேஸுக்கு வேலை குறைகிறது. கார்வெடிலாலும் அடெனலாலும் கொடுத்த எலிகளின் இதயத்தில் ஜிஆர்கே2 அளவு இறங்குவதை 1998இல் பார்த்தார்கள். ஆனால் எலிக்கெல்லாம் முன்னால், 1975இலேயே, சுவீடனின் கோதன்பர்க் நகரில் வாக்ஸ்டைன் குழுவினர் வெறும் ஏழு நோயாளிகளுக்கு பீட்டா பிளாக்கரைக் கொடுத்துப் பார்த்து, தேறுகிறார்கள் என்று எழுதினார்கள். உலகம் நம்புவதற்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

## எதை வைத்து எடை போடுவது

என் வரிசை இது. முதலில், இந்த நோயில் இந்த மருந்து உயிரைக் காத்திருக்கிறதா என்ற ஆதாரம். மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது. அடுத்து நோயாளியின் பிரஷர், நுரையீரல், சுகர். பிறகு மருந்து உடம்பை விட்டு எப்படி வெளியேறுகிறது, மற்ற மாத்திரைகளோடு மோதுகிறதா என்பது. கடைசியாக, ஒரு நாளைக்கு எத்தனை வேளை.

விலையை நான் சேர்க்கவில்லை. எல்லாமே காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள், பெரிய வித்தியாசம் இல்லை.

"ஏற்பியில் என்ன செய்கிறது" என்பதையும் அளவுகோலாக வைக்கலாமே என்று என் மாணவர்கள் கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதை வைத்துத் தேர்வு செய்தால் தப்பாகப் போகும். ஏன் என்பதைக் கார்வெடிலாலுக்கு வரும்போது சொல்கிறேன். எல்லா பீட்டா பிளாக்கரும் ஒன்றுதான் என்று நினைப்பதும் அதே அளவு ஆபத்து. ஏற்பியைப் பாதி தடுத்துப் பாதி தூண்டும் சாமோட்டெரால் 1990இல் தீவிர இதயச் செயலிழப்பில் சோதிக்கப்பட்டபோது மரணங்களைக் கூட்டியது. 2001இல் 2708 பேரிடம் சோதித்த பியூசிண்டலால் மரணத்தைத் தெளிவாகக் குறைத்துக் காட்ட முடியாமல் போனது.

| | மெட்டோப்ரோலால் சக்சினேட் | பிசோப்ரோலால் | கார்வெடிலால் |
|---|---|---|---|
| முக்கியச் சோதனை | மெரிட்-எச்எஃப், 1999, 3991 பேர் | சிபிஸ்-2, 1999, 2647 பேர் | கோபர்நிகஸ், 2001, 2289 பேர் |
| மரணம் குறைந்தது | 34% | 34% | 35% |
| தடுக்கும் ஏற்பி | பீட்டா-1 | பீட்டா-1, இன்னும் கறாராக | பீட்டா-1, பீட்டா-2, ஆல்ஃபா-1 |
| தொடக்க அளவு | 12.5 அல்லது 25 மி.கி. | 1.25 மி.கி. | 3.125 மி.கி. |
| எட்ட வேண்டிய அளவு | 200 மி.கி. | 10 மி.கி. | 25 மி.கி. இரு வேளை (85 கிலோவுக்கு மேல் 50) |
| ஒரு நாளைக்கு | ஒரு வேளை | ஒரு வேளை | இரு வேளை, சாப்பாட்டோடு |
| வெளியேறும் வழி | கல்லீரல் | பாதி கல்லீரல், பாதி சிறுநீரகம் | கல்லீரல் |

அந்த 34, 34, 35ஐப் பார்த்துவிட்டு "அப்போ கார்வெடிலால்தான் ஒரு படி மேல்" என்று கிளம்பிவிடாதீர்கள். மூன்று சோதனையிலும் ஆட்கள் வேறு, நோயின் தீவிரம் வேறு. கோபர்நிகஸில் இருந்தவர்கள் ஈஎஃப் 25க்குக் கீழே போன ரொம்ப மோசமான நிலையினர்.

## மெட்டோப்ரோலால்: பெயரில் இருக்கும் பொறி

இதன் மிகப் பெரிய பிரச்சினை மருந்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. மெட்டோப்ரோலால் இரண்டு உப்புகளாக வருகிறது. சக்சினேட் மெல்ல மெல்லக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும். மெரிட்-எச்எஃப் சோதனை செய்யப்பட்டது இதை வைத்துத்தான். சாதாரண டார்ட்ரேட் சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும். இதயச் செயலிழப்பில் உயிர் காக்கும் ஆதாரம் டார்ட்ரேட்டுக்கு இல்லை.

என் மாமாவுக்கு எழுதிக் கொடுத்தது சக்சினேட் 50. ஒரு தடவை மெடிக்கலில் ஸ்டாக் இல்லை என்று சாதாரண 50ஐக் கொடுத்து "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டார்கள். அவரும் காலையில் ஒன்று போட்டுக்கொண்டு, சாயங்காலம் ஆனால் படபடப்பு, மூச்சு வாங்குகிறது என்று மூன்று வாரம் அவதிப்பட்டார். அலமாரியில் பழைய அட்டையும் புது அட்டையும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்ததைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

அட்டையைப் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சரியான மாத்திரையின் பின்பக்கத்தில் "மெட்டோப்ரோலால் சக்சினேட் 47.5 மி.கி., மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் 50 மி.கி.க்குச் சமம்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். டார்ட்ரேட் என்ற சொல்லைப் பார்த்துப் பதற வேண்டாம், அது எடைக் கணக்கு மட்டும்தான். முதலில் சக்சினேட் என்று இருக்கிறதா, பெயரோடு எக்ஸ்எல் அல்லது எக்ஸ்ஆர் போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் கோடு போட்ட மாத்திரையை அந்தக் கோட்டில் உடைக்கலாம், பொடித்தோ மென்றோ விழுங்கக் கூடாது. வயதானவர்களுக்கு மாத்திரையை நுணுக்கிக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, இதில் அது ஆகாது.

மறைமுகச் செலவு இன்னொன்று: இது கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி வழியாகத்தான் கழிகிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்சிட்டின், பராக்சிட்டின் இரண்டும் அந்த நொதியை முடக்கிவிடும், ரத்தத்தில் மெட்டோப்ரோலால் பல மடங்கு ஏறும், நாடி 45க்கு இறங்கி ஆள் மயங்கி விழுந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மாரடைப்பு வந்தவருக்கு மனச்சோர்வு வருவது சகஜம், அதற்கு வேறொரு டாக்டர் வேறொரு சீட்டு எழுதுவதும் சகஜம். இரண்டு சீட்டையும் ஒரே ஆள் பார்த்தாரா என்பதுதான் கேள்வி.

நல்ல பக்கம்: ஒரு வேளை போதும், பிரஷரைக் கார்வெடிலால் அளவுக்கு இறக்காது, பெரிய சோதனையின் பின்பலம் இருக்கிறது.

## பிசோப்ரோலால்: சத்தமில்லாத ஆள்

மூன்றில் எனக்குக் குறை சொல்ல ஆகக் குறைவாக இருப்பது இதுதான். உப்புக் குழப்பம் இல்லை. பாதி கல்லீரல் வழியாகவும் பாதி சிறுநீரகம் வழியாகவும் வெளியேறுவதால் ஒன்று கொஞ்சம் பழுதானாலும் மற்றது தாங்கும், மனச்சோர்வு மாத்திரைகளோடு பெரிய மோதலும் இல்லை. பீட்டா-1ஐக் கறாராகப் பிடிப்பதால் புகைப்பிடித்து நுரையீரல் கெட்டவர்களுக்கு, அதாவது சிஓபிடி உள்ளவர்களுக்கு, முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

குறை என்றால், நாடியை நன்றாகவே இறக்கும். 65 வயதுக்கு மேற்பட்ட 883 பேரிடம் பிசோப்ரோலாலையும் கார்வெடிலாலையும் நேருக்கு நேர் வைத்து சிபிஸ்-எல்ட் என்ற சோதனை நடந்தது, 2011இல் முடிவு வந்தது. பிசோப்ரோலாலில் நாடி அதிகம் குறைந்தது, கார்வெடிலாலில் நுரையீரல் தொல்லை அதிகம் வந்தது. எனக்கு அதில் உறைத்த எண் வேறு: எட்ட வேண்டிய அளவை நன்றாகத் தாங்கி எட்டியவர்கள் இரண்டு பக்கமும் நான்கில் ஒருவர்தான்.

## கார்வெடிலால்: மூன்று பூட்டு ஒரே சாவி

இது பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் தடுப்பதோடு ஆல்ஃபா-1ஐயும் தடுத்து ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். ஈஎஃப் குறைந்து, பிரஷர் அதிகமாக இருந்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பிரஷர் ஏற்கெனவே 95, 100 என்று நிற்பவருக்கு அதுவே வினை. காலையில் படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றும். சாப்பாட்டோடு போடச் சொல்வது வயிற்றுக்காக இல்லை, மருந்து மெதுவாக ஏறினால் பிரஷர் சட்டென்று விழாது என்பதற்காக. ஆஸ்துமா இருந்தால் இது வேண்டவே வேண்டாம். கல்லீரல் கடுமையாகக் கெட்டிருந்தாலும் கூடாது.

சுகர் விஷயத்தில் ஒரு சின்ன அனுகூலம் உண்டு. சுகரும் பிரஷரும் சேர்ந்து உள்ளவர்களிடம் நடந்த ஜெமினி ஆய்வில், 2004இல், மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் எடுத்தவர்களுக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) கொஞ்சம் ஏறியது, கார்வெடிலால் எடுத்தவர்களுக்கு ஏறவில்லை. ஆனால் இன்சுலின் போட்டு அடிக்கடி சுகர் இறங்குகிறவர் என்றால் கணக்கு திரும்பிவிடும். பீட்டா-2வையும் அடைப்பதால் இறங்கிய சுகர் மேலே வரத் தாமதமாகும், படபடப்பு என்ற எச்சரிக்கையும் மங்கும். வியர்வை மட்டும் மறையாது, அதை அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கார்வெடிலால் ரசிகர்கள் உடனே காமெட் சோதனையை எடுத்து வைப்பார்கள். 2003, 3029 பேர், கார்வெடிலாலில் 34% மரணம், மெட்டோப்ரோலாலில் 40%. உண்மைதான், ஆனால் எதிரில் நிறுத்தப்பட்டது டார்ட்ரேட், அதுவும் 50 மி.கி. இரு வேளை. சக்சினேட் 200ஐ எதிர்த்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அரைப் பட்டினி போட்ட பயில்வானோடு குஸ்தி நடத்தி ஜெயித்த மாதிரி என்று வகுப்பில் சொல்வேன், மாணவர்கள் சிரிப்பார்கள், ஆனால் டார்ட்ரேட்டை விலக்க அந்தச் சோதனை ஒன்றே போதும்.

ஏற்பிக் கணக்குக்கு வருகிறேன். மெட்டோப்ரோலால் எடுத்த நோயாளிகளின் இதயத்தில் பீட்டா ஏற்பிகள் திரும்ப ஏறியிருந்தன. கார்வெடிலால் எடுத்தவர்களிடம் அப்படி ஏறவில்லை. பிரிஸ்டோவின் குழுவே 1996இல் வெளியிட்டது இதை. ஏற்பியை வைத்துத்தான் எல்லாம் என்றால் கார்வெடிலால் தோற்றிருக்க வேண்டும், தோற்கவில்லை. போதாததற்கு 2007இல் லெஃப்கோவிட்ஸ் ஆய்வகம் இன்னொரு குண்டைப் போட்டது: கார்வெடிலால் ஜி புரதத்தைத் தூண்டாமலேயே, கைனேஸ்கள் பாஸ்பேட் ஒட்டும் அதே இடங்களில் ஏற்பியை பாஸ்பேட் ஏற்க வைத்து, பீட்டா-அரெஸ்டினை லேசாகக் கூப்பிடுகிறது. நோயாளிக்கு அதனால் எவ்வளவு லாபம் என்பது தனி விவாதம்.

## மற்றவை, சுருக்கமாக

நெபிவோலால்: 70 வயதும் அதற்கு மேலும் ஆன 2128 பேரிடம் சீனியர்ஸ் என்ற சோதனை, 2005. மரணம், இதய நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்வது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 14% குறைந்தது; மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் தெளிவான வித்தியாசம் இல்லை. வயதானவர் ஏற்கெனவே சாப்பிட்டு நன்றாக இருக்கிறார் என்றால் சரி, புதிதாகத் தொடங்க நான்காவது இடம்தான்.

அடெனலால், ப்ரொப்ரனலால்: பிரஷருக்கும் கை நடுக்கத்துக்கும் எழுதுவார்கள். ஈஎஃப் குறைந்தவர் பழைய சீட்டில் இதையே தொடர்ந்துகொண்டிருந்தால் டாக்டரிடம் சுட்டிக்காட்டுங்கள்.

## கைனேஸையே நேரடியாகப் பூட்டினால்?

நியாயமான கேள்வி. ஜிஆர்கே2வின் வால்துண்டை மட்டும் செல்லுக்குள் அனுப்பினால் அது பீட்டா-காமாவை முதலில் பிடித்துக்கொள்ளும், நிஜ ஜிஆர்கே2 சவ்வுக்கு வர முடியாது. இந்தத் தந்திரம் எலிகளில் இதயத்தைக் காப்பாற்றியிருக்கிறது, பன்றிகள் வரைக்கும் போயிருக்கிறது. மெடிக்கலில் வாங்கும் நிலைக்கு வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மேலே மெட்டோப்ரோலாலின் எதிரி என்று சொன்னேனே பராக்சிட்டின், அது ஜிஆர்கே2வைத் தடுக்கிறது என்று 2012இல் மிச்சிகனில் ஜான் டெஸ்மரின் குழு கண்டுபிடித்தது. 2015இல் மாரடைப்பு வரவழைத்த எலிகளில் இதயம் தேறவும் செய்தது. இதைப் படித்துவிட்டு "அப்போ அதையே சாப்பிட்டால் என்ன" என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். மெட்டோப்ரோலால் எடுக்கும் ஒருவர் அதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பார்த்தோம். வேண்டாம்.

## எதை எடுத்தாலும் பொதுவான செலவுகள்

எந்த மாத்திரை என்பதை ஜிஆர்கே2 கதை சொல்லாவிட்டாலும், எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. பழுதான இதயம் அந்தக் கொஞ்சநஞ்ச அட்ரினலின் சத்தத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் திடீரென்று அடைத்தால் முதல் சில வாரம் களைப்பு கூடும், கால் வீங்கலாம், எடை ஏறலாம். அதனால்தான் துளி அளவில் தொடங்கி, தாங்கினால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாக்குகிறார்கள். "மாத்திரை போட்டதிலிருந்துதான் முடியவில்லை" என்று பத்தாம் நாள் தூக்கிப் போடுகிறவர்கள் ஏராளம். கஷ்டமெல்லாம் முன்பணம், பலன் வர மாதங்கள் ஆகும்.

நிறுத்துவதிலும் அதே கதைதான், தலைகீழாக. பல மாதம் அமைதியாக இருந்ததில் ஏற்பிகள் காதைத் திறந்துவைத்திருக்கும். ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து நாலு நாள் விட்டுப்போனால் அட்ரினலின் மொத்தமும் அந்தத் திறந்த காதில் போய் விழும். ரத்தக் குழாய் அடைப்பும் இருப்பவருக்கு நெஞ்சு வலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகத்தான், டாக்டர் சொல்லித்தான். இன்னொன்று, கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டும் பீட்டா பிளாக்கர்தான். சொட்டு மருந்துதானே என்று யாரும் இதய டாக்டரிடம் சொல்வதில்லை.

## சரி, யாருக்கு எது

பிரஷர் அதிகம், ஆஸ்துமா இல்லை, இரு வேளை மறக்காமல் போடுவார் என்றால் கார்வெடிலால். பிரஷர் தாழ்வு, அல்லது சிஓபிடி, அல்லது கைநிறைய வேறு மாத்திரைகள் என்றால் பிசோப்ரோலால். ஒரு வேளைக்கு மேல் போட மாட்டார், மனச்சோர்வு மாத்திரை எதுவும் இல்லை, வாங்கிவருகிறவர் அட்டையைத் திருப்பிப் படிக்கிறவர் என்றால் மெட்டோப்ரோலால் சக்சினேட் தாராளமாகப் போதும். ஆஸ்துமா உள்ளவருக்கு பிசோப்ரோலால் கொடுப்பதா வேண்டாமா என்பதையெல்லாம் இப்படிப் படித்து முடிவு செய்ய முடியாது, அது நேரில் பார்க்கும் டாக்டரின் வேலை.

முதலில் கேட்டவருக்கு: உங்கள் அப்பாவும் மாமனாரும் இரண்டு பேருமே சரியான பாதையில் இருக்கலாம். அப்பாவின் அட்டையில் சக்சினேட் என்று இருந்தால் மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். அது எத்தனை மி.கி. என்று பாருங்கள். நாடியும் பிரஷரும் இடம் கொடுத்தும் ஆறு மாதமாக அதே 25இல் நிற்கிறது என்றால், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.